அண்ணாவுக்கு, அந்த 47 பந்து பற்றி

அண்ணா,

வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது. அதனால்தான் இங்கே. நான் பேஸ்போல் பற்றி எழுதுகிறதை ஒன்றுவிடாமல் வாசிக்கிறீர்கள் என்று அண்ணி போன கிழமை சொன்னா (அவவைக் கோபிக்க வேண்டாம், வாய்தவறிச் சொன்னது). யாரை வாங்கினார்கள், யாரை விற்றார்கள் என்று பார்க்க இங்கே வருகிற மற்றவர்கள் இன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவிதத்தில் இதுவும் பிச்சரை (பந்து போடுகிறவரை) ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்த கதைதான்.

வருகிற ஞாயிறு ஆட்டைத் திவசம். ஐயர், நேரம், சமையல் எல்லாம் பெரியம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பா. நான் எழுதவந்தது வேறு. 2023 ஒக்டோபரில் ஃபோனில் ஒரு வசனம் சொன்னீர்கள்: "நல்லாய்ப் போட்டுக்கொண்டிருந்த பெரியோஸை எடுத்த மாதிரி அப்பாவையும் எடுத்துப்போட்டாய்." நீங்கள் மறந்திருக்கலாம். நான் இரண்டரை வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், குளிக்கும்போது, 401 நெடுஞ்சாலையில் கார் அசையாமல் நிற்கும்போது, செத்தவீட்டில் நீங்கள் எனக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட.

முதலில் பேஸ்போலைப் பேசி முடிப்போம், அது சுலபம்.

மினசோட்டாவில், நம்முடைய ரொறன்ரோ புளூ ஜேஸுக்கும் மினசோட்டா ட்வின்ஸுக்கும் பிளேஓஃபில் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் 3-1 என்று போய்விட்டது, இதுவும் போனால் சீசன் முடிந்தது. நம்முடைய பிச்சர் பெரியோஸ் தான் வளர்ந்த பழைய அணிக்கு எதிராக, அவர்களுடைய மைதானத்திலேயே, மூன்று இனிங்ஸ் ரன் கொடுக்காமல் போட்டார். நாலாவதில் முதல் ஆளுக்கு நாலு பந்து வெளியே போட்டு அவரைப் பேஸுக்கு நடக்கவிட்டதும் மனேஜர் ஷ்னைடர் வெளியே வந்து பந்தை வாங்கிவிட்டார். 47 பந்து, அவ்வளவுதான். உள்ளே வந்தது இடதுகைப் பிச்சர் கிகூச்சி, அந்த வருடம் 32 ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர், இடையில் வந்து பழக்கமில்லாதவர். ட்வின்ஸ் வரிசையில் இடதுகைக்காரர் அதிகம், இடதுகைப் பிச்சர் வந்தால் அவர்கள் ஆளை மாற்றவேண்டிவரும், வாங்கில் இருக்கிற ஆட்கள் சீக்கிரம் தீர்ந்துபோவார்கள், பிறகு நமக்கு வசதி. கடுதாசியில் அழகான திட்டம். அந்த இனிங்ஸிலேயே இரண்டு ரன், 2-0, கதை முடிந்தது. ஜேஸ் வீரர் மெரிஃபீல்ட் தனக்கு அது பிடிக்கவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அணியின் பொது முகாமையாளர் அட்கின்ஸ் சில நாள் கழித்துப் பத்திரிகையாளர்களுக்கு முன்னால் வந்து முடிவு ஷ்னைடருடையது என்றார், அதைக் கேட்டு நீங்கள் குடும்பக் குழுவில் போட்ட குரல்பதிவை இங்கே எழுத்தில் போடமுடியாது, பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

நானும் கிழிகிழி என்று கிழித்துத்தான் எழுதினேன். இன்றைக்கும் எண்ணம் மாறவில்லை. ஆள் எப்படிப் போடுகிறான் என்று கண்ணால் பார்க்காமல், ஆட்டத்துக்கு முதலே எழுதிவைத்த தாளைப் பார்த்து எடுத்தது பிழை.

ஆனால் அண்ணா, அன்றைக்கு ஜேஸ் எத்தனை ரன் அடித்தது? பூச்சியம். ஐந்தாவது இனிங்ஸில் இரண்டு பேர் பேஸில், பிஷெட் துடுப்போடு நிற்கிறார், விளாடி இரண்டாம் பேஸில் அசந்துநின்று பிடிபட்டார். அதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. பூச்சியம் அடித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து பிச்சரை எடுத்ததுதான் பிழை என்றார்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்கு விளங்கத் தேவையில்லை.

சரி. அன்றைக்குப் பின்னேரம் நடந்ததை உங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

காலை ஒன்பதரைக்கு, அப்பாவை முதியோர் இல்லத்தில் (ஹோமில்) சேர்க்கிற விஷயமாக அழைப்பு வந்தது. கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறது, 24 மணித்தியாலத்துக்குள் ஓம் அல்லது இல்லை சொல்லவேண்டும், ஓம் என்றால் ஐந்து நாளுக்குள் ஆளைக் கொண்டுவரவேண்டும். இல்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். ஒன்ராறியோவில் இதுதான் நடைமுறை. காலியாகியிருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது யோசிக்கவில்லை, இரவுதான் யோசித்தேன், யாரோ ஒருவருடைய தகப்பன் அல்லது தாய்.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. அப்பா வழக்கம்போல ஆட்டக் கணக்கு எழுதுகிற கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மத்தியானம் சாப்பிட்டாரா என்று அவருக்கே தெரியாது, என்னைச் சில நேரம் அம்மா என்று நினைத்துக் கதைப்பார், ஆனால் அடிமட்டம் வைத்துப் பெட்டி கீறுகிறதில் ஒரு கோடுகூடக் கோணாது. ஸ்ட்ரைக் அவுட்டுக்கு எல்லோரும் ஆங்கிலத்துக் கே போடுவார்கள், அப்பா 'க' போடுவார், ஆள் துடுப்பை அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்று அவுட்டானால் அந்தக் 'க'வைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பிப் போடுவார். பெரியோஸின் மூன்று இனிங்ஸில் ஐந்து 'க' இருக்கிறது. கை நடுங்கினது தெரியும், என்றாலும் ஐந்தும் வடிவாக இருக்கிறது.

ஷ்னைடர் நடந்து வந்தார். அப்பா பென்சிலைத் தூக்கிவிட்டு, "ஏன் பிள்ளை இவனை எடுக்கிறாங்கள்? நல்லாத்தானே போடுறான்?" என்றார்.

நான் இடதுகை, வலதுகை, வாங்கு எல்லாம் விளங்கப்படுத்தினேன். தலையாட்டினார். ரீவியில் பெரியோஸின் முகத்தைக் காட்டினார்கள். "ஏன் பிள்ளை இவனை எடுத்தவங்கள்? நல்லாத்தானே போட்டவன்?" மறுபடி சொன்னேன். விளம்பரம் முடிந்து வந்து மறுபடி காட்டினார்கள், மறுபடி அதே கேள்வி, ஒவ்வொரு தடவையும் முதல்தடவை கேட்கிற அதே ஆச்சரியத்தோடு. நாலாவதோ ஐந்தாவதோ தடவை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது முதலே போட்ட திட்டம் அப்பா, அவங்கள் யோசிச்சுத்தான் செய்யிறாங்கள்" என்று கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார். அன்றைக்கு முழுக்க அந்த ஒருதடவைதான் என்னை நான் என்று தெரிந்து பார்த்தார் என்று நினைக்கிறேன், அல்லது அப்படி நினைக்க விரும்புகிறேன்.

"அவனுக்குச் சொன்னவங்களா?" என்றார்.

குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, வெளியே வந்தபோது ஆறாவது இனிங்ஸ்.

அடுத்த நாள் காலை ஒன்பதுக்கு ஓம் என்றேன். உங்களுக்குச் சொன்னது அதற்கு மூன்று நாள் கழித்து. அதற்குள் மச்சாள் மூலம் உங்களுக்குக் கதை வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணா, உண்மையாகத்தான். ஆனால் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? வேண்டாம் என்றிருப்பீர்கள். வான்கூவரில் இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் காணும். இரவு இரண்டு மணிக்கு மார்க்கம் ரோட்டில் பாட்டாச் செருப்போடு நிற்கிற மனுசனைக் கூட்டிவர அது காணாது. அடுப்பில் சட்டி கருகின கதை உங்களுக்குச் சொன்னது ஒன்று, சொல்லாமல் விட்டது மூன்று.

2016ஐ நினைத்துப் பாருங்கள். ஜேஸின் மைதானம் ரோஜர்ஸ் சென்ரரில் 500ஆம் தட்டில் நீங்களும் அப்பாவும். பதினோராவது இனிங்ஸ், பால்ட்டிமோரின் மனேஜர் ஷோவால்ட்டர் பிச்சர் உபால்டோ ஹிமனேஸை விட்டுவைக்கிறார், ஆட்டத்தை முடித்துவைக்கிற பிரிட்டன் புல்பென்னில் (மாற்றுப் பிச்சர்கள் காத்திருக்கிற இடத்தில்) சும்மா இருக்கிறார். அந்த வருடம் 47 தடவை ஆட்டத்தைக் காப்பாற்ற அனுப்பினார்கள், 47ம் காப்பாற்றினார், இ.ஆர்.ஏ. (ஒன்பது இனிங்ஸுக்குத் தன் பொறுப்பில் கொடுக்கிற ரன்) 0.54. அவ்வளவு நல்ல பிச்சரை, அணி முன்னால் போகட்டும், அப்போது இறக்கலாம் என்று பத்திரப்படுத்தி வைத்தார், அந்த நேரம் வரவே இல்லை. ஜேஸின் என்கார்னசியோன் அடித்தார், மூன்று ரன், எல்லோரும் வீட்டுக்கு. அப்பாவைத் தூக்கிச் சுற்றினேன் என்று அன்றிரவு ஃபோனில் கத்தினீர்கள், பின்னால் அப்பாவின் சிரிப்புக் கேட்டது.

(அந்த வருடத்துச் சை யங் (சிறந்த பிச்சருக்கான பரிசு) சண்டையை இன்னும் விடவில்லை. பிரிட்டனுக்குக் கொடுத்திருக்கவேண்டும் என்பீர்கள். நாலாவது இடம் சரிதான், 67 இனிங்ஸ் போட்டவருக்கு அது. கொடுத்திருக்கவேண்டியது வெர்லாண்டருக்கு. முதல் இடத்துக்கு 14 பேர் அவரை எழுதினார்கள், பொர்செல்லோவை 8 பேர்தான், ஆனால் இரண்டு பேர் வெர்லாண்டரைத் தாளிலேயே போடாமல் விட்டதால் பரிசு பொர்செல்லோவுக்குப் போனது.)

அந்த 2016 ஆட்டமும் ஒக்டோபர் 4. பெரியோஸை எடுத்ததும் ஒக்டோபர் 4. அங்கே 47, இங்கேயும் 47. அப்பா நல்லாய் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடித்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லியிருப்பார். ஒருவர் நேரத்தோடு எடுத்தார், மற்றவர் பிந்திவிட்டார், இரண்டு பேருக்கும் ஊர் முழுக்கப் பேச்சு. நான் அந்த இரண்டு பிழையையும் ஒரே ஆளில் செய்தேன் என்றுதான் சில நாள் தோன்றுகிறது. மார்க்கம் ரோட் இரவுக்கே ஓம் சொல்லியிருக்கவேண்டும். ஒக்டோபரில் இன்னும் இரண்டு கிழமை தள்ளியிருக்கவேண்டும். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

அப்பாவுக்குப் பிடித்தது ஜேஸின் பழைய பிச்சர் ஹாலடே மாதிரி ஆட்கள். 2003இல் டெற்றோயிற்றுக்கு எதிராகப் பத்து இனிங்ஸ், ஒரே ஆள், 99 பந்து, 1-0. தொடங்கினவன்தான் முடிக்கவேண்டும் என்பார். அப்பாவின் மகன்தானே நீங்கள், அதுதான் உங்களுக்கும் எடுக்கிறது என்றாலே குற்றம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். இரவுக் காவல் வேலையில் அப்பாவுக்கு இந்த விளையாட்டைக் காதால் சொல்லிக்கொடுத்தது டொம் சீக். 4,306 ஆட்டம் ஒன்றுகூட விடாமல் ரேடியோவில் சொன்ன மனுசன் 2004இல் முதல்தடவையாக ஓர் ஆட்டத்தை விட்டார், தகப்பன் இறந்ததற்காக. நீங்கள் கொள்ளி வைத்து மூன்றாம் நாள் விமானம் ஏறினீர்கள். அந்தியேட்டிக்கு நிற்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அது நியாயமான காரணம், இங்கே எழுதமாட்டேன், ஆனால் வருத்தம் நியாயம் பார்த்து வருகிறதில்லையே.

ஹோமில் இருந்த ஒன்றரை வருடம் மோசமில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 2024இல் ஜேஸ் 74 வெற்றியோடு பிரிவில் கடைசி, அப்பாவுக்கு ஒவ்வொரு தோல்வியும் அடுத்த நாள் காலையோடு மறந்துபோனது, அந்த வருடம் சந்தோஷமாக இருந்த ஒரே ரசிகர் அவர்தான். விளாடிக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் என்ற செய்தி வந்த கிழமை போய்ச் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "தகப்பன் சுகமாய் இருக்கிறானே?" என்று கேட்டார். மொன்றியலில் ஆடின பெரிய விளாடியைத்தான். மூன்று கிழமையில் அப்பா போய்விட்டார்.

அதனால் போன ஒக்டோபரில் ஜேஸ் வேர்ல்ட் சீரீஸ்வரை போனதை அவர் பார்க்கவில்லை. நீங்கள் சியாற்றிலில் மைதானத்தில் நின்று படம் அனுப்பினீர்கள், தலையில் அப்பாவின் பழைய தொப்பி. அது எப்போது உங்களிடம் வந்தது? நான் அலுமாரி முழுக்கத் தேடினேன். கேட்கவில்லை, படத்துக்கு இதயமும் போடவில்லை. ஸ்பிரிங்கர் அடித்துச் சியாற்றிலை வென்ற இரவு ஃபோனை எடுத்து உங்கள் பெயர்வரை போய் வைத்துவிட்டேன். வேர்ல்ட் சீரீஸில் நாங்கள் தோற்ற ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இனிங்ஸில், நாங்கள் வெல்ல இன்னும் இரண்டே அவுட் என்று இருக்கும்போது டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்துச் சமப்படுத்தினாரே, அப்போதும். பிச்சர் ஹொஃப்மனை எடுத்திருக்கவேண்டுமா, வெற்றி ரன்னுக்கு ஓடக் காத்திருந்த கைனர்-ஃபலேஃபா மூன்றாம் பேஸை விட்டு இன்னும் இரண்டு அடி முன்னுக்கு நின்றிருக்கவேண்டுமா என்று உலகமே கதைத்தது, எனக்குக் கதைக்க ஆள் இல்லை. நீங்கள் 2023இல் தலையை எடுக்கவேண்டும் என்ற அதே ஷ்னைடர்தான் கடைசியில் கிடந்த அணியை 94 வெற்றிக்குக் கொண்டுவந்து வருடத்தின் சிறந்த மனேஜர் வாக்கெடுப்பில் கிளீவ்லாண்டின் வோக்ட்டுக்கு அடுத்ததாக வந்தார். பெரியோஸ் அந்த ஒக்டோபர் பட்டியலிலேயே இல்லை. இதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சாதகமாகத்தான் சொல்கிறேன்.

கொப்பிகள் எல்லாம் என்னிடம் இருக்கிறது, ஒரு பெட்டி நிறைய. பெரியம்மா அதைப் பங்குபோடச் சொல்கிறா. 2016 கொப்பியை உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், என்கார்னசியோன் அடித்த இடத்தில் பென்சில் தாளைக் கிழித்திருக்கிறது, நீங்கள் அவரைத் தூக்கினபோது நடந்ததாக இருக்கும். 2023 கொப்பி கேட்காதீர்கள். நாலாவது இனிங்ஸில் பெரியோஸின் பெயருக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு இருக்கிறது, அதற்குப் பிறகு பக்கம் வெறுமை. அதை வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பார்த்துவிட்டு வையுங்கள்.

தொப்பியைக் கொண்டுவாருங்கள்.

தங்கச்சி