சோப்பு ஏன் வியர்க்கிறது? நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு ஒரு படம் சுற்ற ஆரம்பித்தது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும், எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். நம் வேப்பிலைச் சோப்பு, அதன் மேலெல்லாம் முத்து முத்தாக நீர். படத்துக்குக் கீழே, "எடை ஏற்றுவதற்காகக் கிளிசரின் ஊற்றுகிறார்கள், இருமல் மருந்தில் இருந்த அதே விஷம்" என்று எழுதியிருந்தது.

அதைப் போட்ட அக்கா யார் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் கோபம் இல்லை. நேராகக் கடைக்கு வந்து கேட்டிருந்தால் ஒரு டீ குடித்துக்கொண்டே பேசித் தீர்த்திருக்கலாம், அவ்வளவுதான் என் வருத்தம்.

முதலில் அந்த ஊற்றுகிற பேச்சுக்கு வருகிறேன். நம் பட்டறையில் கிளிசரின் கேன் ஒன்றுகூடக் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். ஆனால் நம் சோப்பில் கிளிசரின் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்ததல்ல, எண்ணெய்க்குள்ளேயே இருந்தது.

நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய், ஆட்டுக்கொழுப்பு என்று எதை எடுத்தாலும் அடிப்படைக் கட்டுமானம் ஒன்றுதான். நடுவில் ஒரு கிளிசரின், அதன் மூன்று கைகளிலும் மூன்று கொழுப்பு அமிலங்கள். எந்த அமிலம் தொங்குகிறது என்பதில்தான் எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம், அதனால்தான் நுரை அப்படிப் பொங்குகிறது. விளக்கெண்ணெயில் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம், அந்த நுரையைக் கலையாமல் பிடித்து வைப்பது அது. இந்த மூன்று கைச் சமாசாரத்துக்குப் பெயர் ட்ரைகிளிசரைடு. ஆமாம், ரத்தப் பரிசோதனைத் தாளில் 150-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று டாக்டர் வட்டம் போட்டுக் காட்டுகிறாரே, அதேதான்.

காஸ்டிக் சோடாக் கரைசலை எண்ணெயில் ஊற்றிக் கடையும்போது அது மூன்று அமிலங்களையும் பிய்த்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. சோப்பு என்பது அதுதான். கைவிடப்பட்ட கிளிசரின் அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுதும் சோப்பாக 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை. தோலில் காரம் படக்கூடாது என்பதற்காக நாங்கள் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்துத்தான் போடுகிறோம். அப்படியும் கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு 130 கிராம் அளவுக்குக் கிளிசரின் பிறக்கும். மற்ற எண்ணெய்கள் சேரும்போது கொஞ்சம் குறையும். ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை!

"கடையில் வாங்கும் சோப்பு வியர்ப்பதில்லையே?" என்று கேட்பீர்கள். பெரிய ஆலைகளில் உப்புக் கரைசல் விட்டுச் சோப்பைத் தனியாகத் திரட்டி, கிளிசரினை வடித்து எடுத்துவிடுவார்கள். அதற்குத் தனி விலை உண்டு. பற்பசை, முகக் கிரீம், மருந்து என்று எங்கெங்கோ போகிறது. ஒரு காலத்தில் டைனமைட்டுக்கும் அதுதான் மூலப்பொருள், நைட்ரோகிளிசரின் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் வடித்தெடுப்பதில்லை. எங்களிடம் அதற்கான வசதியும் இல்லை, மனசும் இல்லை. குளித்த பிறகு தோல் வறவறவென்று இழுக்காமல் இருப்பது அதனால்தான் என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்.

சரி, அந்த முத்துகள் எங்கிருந்து வந்தன? காற்றிலிருந்து. கிளிசரினுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஐப்பசி மழையில் வீட்டு உப்பு ஜாடி கசியவில்லையா? அதில் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? போன வாரம் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் கிளிசரின் வாங்கி வந்து, தராசில் சரியாக 10 கிராம் ஒரு தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். வெளியே விடாமல் தூறல். மறுநாள் காலையில் தராசு 11 கிராமைத் தாண்டிக் காட்டியது. என் மகள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறாள். வேண்டுமானால் அதையும் சுற்றுக்கு விடலாம்.

இப்போது விஷம் என்ற சொல். அது என்னைத் தூங்க விடவில்லை. 2025 அக்டோபரில் இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி நம் எல்லார் வயிற்றையும் கலக்கியது. அந்த மருந்தில் கண்டுபிடிக்கப்பட்டது டைஎத்திலீன் கிளைக்கால். அதுவும் இனிக்கும், அதுவும் குழகுழவென்று இருக்கும், பெயரும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆனால் அது வேறு பொருள், சிறுநீரகத்தைப் பாழாக்குவது. கிளிசரின் அப்படியல்ல. 1779-ல் ஷீலே என்ற வேதியியலாளர் ஆலிவ் எண்ணெயை மிருதார்சிங்கி என்ற ஈய ஆக்சைடோடு காய்ச்சி முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது, எண்ணெயில் உள்ள இனிப்பு என்றுதான் அதைக் குறித்தார். கிளிசரின் என்ற பெயரே இனிப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது நம் உடம்பிலேயே ஓடுகிறது. போன மாதம் சஷ்டி விரதம் இருந்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர். சாப்பாடு நின்றதும் உடம்பு தன் கொழுப்பைப் பிரிக்கத் தொடங்கும். அமிலங்களைத் தசைகள் எரித்துக்கொள்ளும். கிளிசரின் கல்லீரலுக்குப் போய்ச் சர்க்கரையாக மாறும். அந்த அமிலங்களைச் சர்க்கரையாக மாற்ற உடம்புக்கு வழி இல்லை, கிளிசரினை மாற்ற முடியும். நம் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்விலும் பெரும்பாலான கொழுப்புகள் கிளிசரினை முதுகெலும்பாக வைத்துத்தான் நிற்கின்றன, அங்கே இரண்டு கையில் அமிலம், மூன்றாவதில் பாஸ்பேட். இதைப் போய் விஷம் என்றால்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இன்றைய நிலவரத்தில் கிளிசரின் தேங்காய் எண்ணெயைவிட மலிவு. கலப்படம் செய்ய நினைப்பவனுக்கு ஆசை வரும் விலைதான். அதனால்தான் அந்த "ஊற்றுகிறார்கள்" என்ற வார்த்தை இவ்வளவு சுடுகிறது. காங்கேயத்துக் கொப்பரைக் களங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு எண்ணெய்க்குத் தவிப்போம் என்று நான் நினைத்ததில்லை. வெள்ளை ஈ ஒரு பக்கம், வாடல் நோய் ஒரு பக்கம், தோப்புக்காரர்களும் பாவம்தான். மூன்று வருடத்துக்கு முன்பு வாங்கிய விலையில் இரண்டு மடங்குக்குமேல் கொடுத்து எண்ணெய் வாங்குகிறேன். அப்படியும் பாமாயிலுக்கு மாறவில்லை. மாறச் சொல்லி எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள்.

ஆடி மாதத்தோடு, சோப்பை அடுக்கிக் காய வைக்கும் பொறுப்பை ஒன்பது வருடமாகப் பார்த்த அக்கா, மகள் பிரசவத்துக்கென்று திருப்பூர் போய்விட்டார். கையால் அழுத்திப் பார்த்தே எந்த அடுக்கு காய்ந்தது என்று சொல்வார். அவர் இடத்தில் யாரும் இன்னும் அமையவில்லை. அதனால் புரட்டாசியில் போட்ட இரண்டு தொகுதி ஆறு வாரத்துக்குப் பதிலாக நான்கு வாரத்தில் கடைக்கு வந்துவிட்டது. அவற்றில் ஈரம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். தரத்தில் குறையில்லை.

வியர்த்த கட்டியைத் துணியால் துடைத்துவிட்டு வழக்கம்போலப் போட்டுக் குளிக்கலாம். ஓட்டை உள்ள சோப்பு டப்பாவில், தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள். இன்னும் பிரிக்காத கட்டிகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் வைத்தால் போதும். மனசுக்கு ஒப்பவில்லை என்றால் பாதி கரைந்த கட்டியைக்கூடக் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன், கேள்வி கேட்க மாட்டேன்.

படம் சுற்றிய அந்த வாரத்திலும் மழையில் நனைந்துகொண்டு வந்து, "எங்களுக்கு உங்களைத் தெரியாதா?" என்று சொல்லி இரண்டு கட்டி கூடுதலாகவே வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குத் தேமல் வந்ததிலிருந்து வேறு சோப்பே தொடாத தாராபுரம் வீட்டம்மா, மாதம் தவறாமல் பார்சல் வாங்கும் சென்னை, பெங்களூரு உறவுகள், உங்களுக்கெல்லாம் நன்றி என்ற ஒரு சொல் போதாது. நீங்கள் இருப்பதால்தான் இன்னும் அடுப்பு மூட்டுகிறேன்.

அப்புறம், கார்த்திகை முதல் ஒரு கட்டி 85 கிராம், விலை பழையபடியே.

பெரிய கார்த்திகை அன்று கடை மதியம்வரைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் சோப்புக் கடைவதையே நேரில் பார்க்கலாம், அந்தப் படம் போட்ட அக்காவும்கூட.

இப்படிக்கு,
உங்கள் சோப்புக் கடைக்காரர்,
காங்கேயம்