சிரிப்பிலும் லாஜிக் பாருங்கள்: சினிமா விவாதிக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்து போகாமல், பக்கத்தில் இருப்பவரிடம் "இரு, அது எப்படி அவனுக்குத் தெரிந்தது?" என்று ஆரம்பிக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். லாஜிக் ஓட்டை தேடுவது வெட்டி வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஒரு படத்தை அவ்வளவு கூர்ந்து பார்ப்பதற்கு அதன்மேல் பிரியம் வேண்டும்.

"சிட்டிசன் கேன்" (1941) பற்றிய அந்தப் பழைய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை முதலாளி கேன் சாகும்போது அறையில் யாரையும் காணோம், கையிலிருந்த கண்ணாடி உருண்டை விழுந்து உடைந்த பிறகுதான் நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வருகிறார், அப்படியானால் 'ரோஸ்பட்' என்ற அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டது யார்? படம் முழுக்க ஒரு நிருபர் அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அலைகிறார்? பல வருடங்களாக இதைப் பெரிய ஓட்டையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்புறம் யாரோ பொறுமையாகப் படத்தை மறுபடி பார்த்துவிட்டு, கடைசிப் பகுதியில் வேலைக்காரர் ரேமண்ட் தான் அதைக் கேட்டதாகவே சொல்கிறார் என்று எடுத்துக் காட்டினார்கள். அந்த அறைக் காட்சியில் அவர் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். குற்றம் சொன்ன பிறகும் திரும்பப் போய்ப் பார்ப்பது, தப்பென்றால் ஒத்துக்கொள்வது, இதுதான் நம் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம்.

உண்மையான ஓட்டைகளும் உண்டு. "தி பிக் ஸ்லீப்" (1946) எடுக்கும்போது, கதையில் வரும் கார் ஓட்டுநர் கொலை செய்யப்பட்டாரா, தற்கொலை செய்துகொண்டாரா என்று படப்பிடிப்பிலேயே சண்டை வந்து, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டார். தனக்கும் தெரியவில்லை என்று சாண்ட்லரே பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதினார். "டைட்டானிக்" (1997) படத்தில் கப்பல் மூழ்கிய பிறகு கதாநாயகி ஏறிக்கொண்ட கதவில் இரண்டு பேருக்கு இடம் இருந்ததா என்ற கேள்வி தீராமல், கடைசியில் இயக்குநரே அதை வைத்துச் சோதனை நடத்திக் காட்டவேண்டி வந்தது. அந்தப் படத்து வானத்தில் நட்சத்திரங்கள் இருக்கும் இடம் தப்பு என்று ஒரு விண்ணியலாளர் விடாமல் சொல்லி, 2012 மறுவெளியீட்டில் வானத்தையே மாற்றினார்கள். வானத்தை! அந்த அளவுக்குக் கண்டிப்பானவர்கள் நாம்.

இந்தக் கண்டிப்பு காமெடி என்று வந்ததும் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

பழைய காமெடி ஒன்றைப் பற்றி யாராவது "இதை இப்போது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது" என்று சொல்லட்டும். நட்சத்திரத்தின் இடத்தைச் சரிபார்த்த அதே ஆட்கள் "காமெடியைக் காமெடியாகப் பாருங்கள்", "அந்தக் காலம் அப்படி", "எதற்கெடுத்தாலும் மனம் புண்படுகிறதா" என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். மறுபக்கத்தில் இருப்பவர்களும் "இந்தப் படத்தையே தூக்கிப் போடுங்கள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு பக்கத்திலும் யாரும் படத்தைத் திரும்பப் பார்ப்பதில்லை. லாஜிக் ஓட்டைக்கு நாம் கொடுக்கும் மரியாதையை ஜோக்குக்குக் கொடுப்பதில்லை.

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே. பேசும்போது திக்கும் ஒரு பாத்திரம் எந்தப் படத்தில் வந்தாலும் மறுநாள் வகுப்பில் என்ன நடக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். அந்த வசனத்தை அதே மாதிரி திக்கித் திக்கிச் சொல்லிக் காட்டுவார்கள், என் முறை வந்து எழுந்து நின்றதும் வகுப்பே சிரிக்கும். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. எந்த இடத்தில் சிரிக்கவேண்டும் என்று படம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. நானும் அந்தப் படங்களுக்குச் சிரித்தவன்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால்தான் "எ ஃபிஷ் கால்ட் வாண்டா" (1988) என்ற கொள்ளைக் கும்பல் காமெடிப் படத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகப் பேச நினைக்கிறேன். அதில் மைக்கேல் பாலின் நடித்த கென் என்ற பாத்திரத்துக்குப் பயங்கரமாகத் திக்கும். கெவின் கிளைன் நடித்த ஆட்டோ என்பவன் அவனை முகத்துக்கு நேராகவே பேசிக் காட்டிக் கிண்டல் செய்வான், கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்வான். அந்த நடிப்புக்குக் கிளைனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. படம் வந்தபோதே திக்குவாய் உள்ளவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பாலினின் அப்பாவுக்கே திக்குவாய். அவரைப் பார்த்து வளர்ந்த அனுபவத்தை வைத்துத்தான் அந்த வேடத்தைச் செய்தார் பாலின். அப்புறம் 1993இல் லண்டனில் திக்கிப் பேசும் குழந்தைகளுக்காக ஒரு சிகிச்சை மையம் தொடங்கப்பட்டபோது அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள், இன்றுவரை அவர் அதோடு தொடர்பில் இருக்கிறார். இப்படி ஒரு படத்தை "நல்லது", "மோசம்" என்று ஒரே வார்த்தையில் எப்படி முடிப்பது?

நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இப்போதும் எனக்கு அதில் சண்டை இருக்கிறது. கென் முழுமையான மனிதன். மிருகங்கள்மேல் உயிரையே வைத்திருப்பவன், சாட்சி சொல்லக்கூடிய ஒரு பாட்டியைக் கொல்லப் போய் ஒவ்வொரு தடவையும் அவருடைய நாய்களைச் சாகடித்துவிட்டு அழுகிறவன். கிண்டல் செய்கிறவன் கொடூரமான முட்டாள் என்று படமே சொல்கிறது. இதுவரை எனக்குக் குறை இல்லை. ஒரு முக்கியமான கட்டத்தில் கென் ஒரு ஓட்டலின் பெயரைச் சொல்லவேண்டும், வாயில் வரமாட்டேன் என்கிறது, எதிரில் நிற்கும் வக்கீல் ஆர்ச்சிக்கோ நேரமே இல்லை. அந்தக் காட்சி ஒருவிதத்தில் அப்பட்டமான உண்மை. அவசரப்படுத்த அவசரப்படுத்தத்தான் சொல் இன்னும் இறுகும், எதிரில் இருப்பவரின் முகத்தில் பதற்றம் தெரிந்தால் தொண்டையே அடைத்துக்கொள்ளும். ஆனால் அதைக் காட்சிப்படுத்திய விதத்தில் சிரிப்பு யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்தால், கென்னின் வாயிலிருந்து வருகிறது. நம்மை ஆட்டோவின் இடத்தில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இனி நம் ஆட்கள் கண்டுபிடிக்காத ஓட்டைக்கு வருகிறேன். கிளைமாக்ஸில் கென் சாலை போடும் உருளை வண்டியை ஆட்டோமேல் ஏற்றிப் பழிவாங்குகிறான், அந்த நிமிடமே திக்குவாய் போய்விடுகிறது, சரளமாகப் பேசுகிறான். யாராவது இதை ஓட்டை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பழிவாங்கினால் திக்குவாய் போகும் என்பது கப்பல் கதவைவிடப் பெரிய லாஜிக் பிழை. திக்குவாய்க்குப் பயமோ கோழைத்தனமோ காரணம் இல்லை. மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தோடும் பரம்பரையோடும் சம்பந்தப்பட்டது அது. பாடும்போது திக்காதவர்கள் நிறையப் பேர் உண்டு, தனியாக இருக்கும்போது சரளமாகப் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கதாசிரியர்கள் அந்த விஷயங்களில் எதையாவது எடுத்திருக்கலாம். உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குகிறது, யாரிடமாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள். கதை முடிய வேண்டியிருந்தது, திக்குவாய் தேவை தீர்ந்தது, எடுத்துவிட்டார்கள்.

ஓட்டை என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஒரு பாத்திரம் தன் குணத்துக்கும் அறிவுக்கும் ஏற்றபடி நடக்காமல், எழுதுகிறவருக்கு அந்த இடத்தில் வேண்டியிருக்கிறது என்பதற்காக நடந்தால் அதை ஓட்டை என்கிறோம். நாள்பட்டு ஊசிப்போகும் ஜோக்குகளில் பெரும்பாலானவை இதே வேலைதான். ஒரு மனிதனை மனிதனாக யோசிக்காமல், அந்த இடத்தில் ஒரு சிரிப்பு வேண்டும் என்பதற்காக அவன் நிறத்தையோ உடம்பையோ பேச்சையோ எடுத்துப் போடுவது. இரண்டுமே சோம்பேறித்தனமான எழுத்து. ஒன்றைத் துரத்தித் துரத்திப் பிடிக்கிற நாம் இன்னொன்றை ஏன் விட்டுவிடுகிறோம்?

"பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்" (1961) படத்தில் மேல்மாடியில் குடியிருக்கும் ஜப்பானியராக மிக்கி ரூனி நடித்தார். பொய்ப்பல், கண்ணை மாற்றிய ஒப்பனை, கத்தல், எதிலாவது போய் முட்டிக்கொள்வது. கதைக்கு அவர் என்ன செய்கிறார்? தூக்கம் கெட்டுக் கத்துகிறார், போலீஸைக் கூப்பிடுகிறார். எந்தச் சிடுசிடு அண்டைவீட்டுக்காரரும் இதைச் செய்திருப்பார். மூல நாவலில் இதே மனிதர் ஒரு புகைப்படக் கலைஞர், ஆப்பிரிக்காவில் அவர் எடுத்துவந்த ஒரு படத்திலிருந்துதான் கதையே கிளம்புகிறது. கதையைத் தொடங்கி வைக்கிற ஆளைப் படத்தில் முட்டிக்கொள்கிற பொம்மையாக ஆக்கிவிட்டார்கள். திரைக்கதை என்ற கணக்கில் பார்த்தால்கூட நஷ்டம். இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸே அப்படி நடிக்க வைத்ததற்குப் பிற்காலத்தில் வருத்தப்பட்டார்.

"அந்தக் காலத்தில் யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை" என்ற வாதத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. என் வகுப்பில் எனக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

காலம் உண்மையாகவே மாற்றிய படமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். சாப்ளின் 1940இல் ஹிட்லரைக் கிண்டல் செய்து "தி கிரேட் டிக்டேட்டர்" எடுத்தார். வதைமுகாம்களில் நடந்த கொடூரம் அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வந்த சுயசரிதையில் அவரே எழுதினார். படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை, பார்க்கிறவர்களின் அறிவு மாறியது. ஆனாலும் எனக்கு அந்தப் படம் கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை, ஏனென்றால் அது யாரை அடித்ததோ அவன் அடிவாங்க வேண்டியவன்.

படங்களைத் தூக்கச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. வெட்டினால் எனக்குத்தான் முதலில் கோபம் வரும். ஒரு படம் என்னைக் காயப்படுத்தியது என்று நான் சொல்ல, அந்தப் படம் இருக்கவேண்டும், நீங்கள் பார்க்கவேண்டும். வெட்டிச் சுத்தம் செய்த பதிப்பை வைத்துக்கொண்டு நான் யாரிடம் எதைக் காட்டுவது? டிஸ்னி 2020இல் "டம்போ", "பீட்டர் பான்" மாதிரியான பழைய படங்களின் முன்னால், இதில் சில மக்களைத் தப்பாகக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டுப் படத்தை அப்படியே விட்டது. அது போதும் என்று நினைக்கிறேன், மீதியைப் பேச நாம் இருக்கிறோம்.

நல்ல காமெடிக்கு லாஜிக்கே வேண்டாம் என்பீர்கள். ஓரளவு உண்மை. "சம் லைக் இட் ஹாட்" (1959) படத்தில் ஜோ, ஜெரி என்ற இரண்டு ஆண்கள் பெண் வேடம் போட்டு ஒரு பெண்கள் இசைக்குழுவில் சேர்கிறார்கள், கூடவே ரயிலில் போகிறவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதைவிடப் பெரிய ஓட்டை கிடையாது, நம்மில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் கிடையாது. ஆனால் அந்த வேடத்தில் இருக்கும்போது லிஃப்டில் ஒரு கிழட்டுப் பணக்காரன் ஜெரியின்மேல் கை வைக்கிறான், ஜெரி ஆத்திரத்தோடு வந்து சொல்ல, பெண்கள் பாடு இப்போது புரிகிறதா என்கிற மாதிரி ஜோ பதில் சொல்கிறான். சேலைக்குள் ஒளிந்த ஆணைப் பார்த்துச் சிரி என்று விட்டுவிடுகிற நூறு படங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று உட்கார்ந்து பேசினால் ஒரு முழு இரவு போகும். நான் ஏங்குவது அந்த இரவுக்குத்தான்.

அதனால் ஒரு கோரிக்கை. அடுத்த முறை யாராவது ஒரு காமெடி வலிக்கிறது என்று சொன்னால், 'ரோஸ்பட்'டை யார் கேட்டார்கள் என்று தேடினீர்களே, அதே மாதிரி தேடுங்கள். காட்சியைத் திரும்பப் போடுங்கள். கேமரா யார் முகத்தில் நிற்கிறது, அந்தப் பாத்திரத்துக்குச் சிரிப்பைத் தவிர வேறு வேலை இருக்கிறதா, அவனுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சொன்னவர் தப்பாகவும் இருக்கலாம், அப்படியானால் ரேமண்டைக் காட்டியது மாதிரி அவருக்குக் காட்டுங்கள், ஏற்றுக்கொள்வார். நான் ஏற்றுக்கொள்வேன்.

கென் ஓட்டல் பெயரைச் சொல்லத் திணறும் காட்சியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அது சரியா தப்பா என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கே முடிவாகவில்லை. நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நேரில் பேசுவதாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், நடுவில் என் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காமல் இருந்தால் போதும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்