பழைய அறிக்கைகளை இணையதளத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அரசுத் துறைகள் வெளியிடும் ஆண்டறிக்கைகள், புள்ளிவிவரக் கையேடுகள், செய்திமடல்கள் பற்றிப் பத்திரிகைகளில் அதிகம் பேச்சு இருப்பதில்லை. வெளியான அன்று ஒரு சின்னச் செய்தி வரும், அதோடு சரி. நான் வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அந்த அறிக்கைகளுக்குள் போகும் எண்கள் வயலில் எப்படிப் பிறக்கின்றன என்று அருகில் நின்று பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பருவம் மற்றும் பயிர் அறிக்கையில் ‘நெல், சராசரி மகசூல், எக்டருக்கு இத்தனை கிலோ’ என்று ஒரு கட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். அதற்காக நடக்கும் வேலை பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமத்தில் எந்த சர்வே எண், அந்த வயலில் எந்த இடம் என்பதை ஆய்வாளரும் முடிவு செய்யக்கூடாது, விவசாயியும் முடிவு செய்யக்கூடாது. பட்டியலில் குலுக்கல் முறையில் வரும் எண்தான் முடிவு செய்யும். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து எண்ணி நடந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் அளந்து, முளை அடித்துக் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். ‘சார், அந்தப் பக்கம் நல்லா விளைஞ்சிருக்கு, அங்கே போடுங்க’ என்பார் ஒருவர். காப்பீடு செய்திருப்பவர், ‘இங்கே பாருங்க, புகையான் பூச்சி அடிச்சு காஞ்சு கிடக்கு’ என்று வேறு பக்கம் கையைக் காட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொல்ல முடியும். எண் காட்டிய இடத்தில்தான் கயிறு கட்டுவோம்.

இவ்வளவு கவனமாக எடுக்கிற எண், அந்த விவசாயிக்கே திரும்பக் கிடைப்பதில்லை. இதுதான் என் வருத்தம்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் தொடங்கியது. நம் மாநிலத்தில் நெல்லுக்கு வருவாய் கிராமமே காப்பீட்டு அலகு, அதாவது இழப்பைத் தனி வயலுக்கு அல்ல, கிராமம் முழுவதற்கும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். அலகாக எடுத்த ஒவ்வொரு கிராமத்திலும் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனைகள் நடக்க வேண்டும். இந்த ஆண்டு மகசூல், அந்தக் கிராமத்துக்கென்று நிர்ணயித்த உத்தரவாத மகசூலை விடக் குறைந்தால்தான் இழப்பீடு. அந்த உத்தரவாத மகசூலை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? கடந்த 7 ஆண்டுகளில் மகசூல் அதிகமாக இருந்த 5 ஆண்டுகளை எடுத்துச் சராசரி பார்த்து, அதில் எத்தனை சதவீதத்துக்குக் காப்பு என்று குறிக்கும் ஈட்டுறுதி விகிதத்தால் பெருக்குகிறார்கள். அப்படியானால், தனக்கு வந்த தொகை சரியா என்று ஒரு விவசாயி சரிபார்க்க நினைத்தால், தன் கிராமத்தின் 7 ஆண்டு எண்களும் அவர் கையில் இருந்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சம்பா நெல் போடுகிறவர். பக்கத்துக் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது, அவர் கிராமத்துக்கு வரவில்லை. ‘தம்பி, நீங்க அந்த வேலையிலதானே இருந்தீங்க, ஏன்னு பார்த்துச் சொல்லுங்க’ என்று கேட்டார். ஒரு துறையின் இணையதளத்தில் தேடினேன். அந்த ஆண்டு அறிக்கை இருந்தது, மாவட்ட அளவில். முந்தைய ஆண்டு அறிக்கைகளுக்கான இணைப்புகளைத் தட்டினால் பக்கம் இல்லை என்று வந்தது. தளத்தைப் புதுப்பித்தபோது பழைய கோப்புகளைப் புதிய தளத்துக்குக் கொண்டுவரவில்லை என்று பிறகு தெரிந்தது. அலுவலகத்தில் கேட்டால் மிக மரியாதையாக, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடச் சொன்னார்கள். தன் வயல் நெல்லின் எடையைத் தெரிந்துகொள்ள அவர் மனுப் போட வேண்டுமா?

பழைய ஆண்டுகளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், தனியாக நிற்கும் ஓர் ஆண்டின் எண் பெரிதாக எதையும் சொல்லாது. நிலப் பயன்பாட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தை 9 வகையாகப் பிரிக்கிறோம். ஓர் ஆண்டு பயிர் வைக்காமல் விட்டால் அது நடப்புத் தரிசு. அதற்கு மேல் 5 ஆண்டு வரை கிடந்தால் பிற தரிசு. 5 ஆண்டும் தாண்டினால் சாகுபடிக்கு ஏற்ற தரிசு என்ற வகைக்குப் போய்விடும். கிணறு வற்றியோ, ஆள் கிடைக்காமலோ, பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதாலோ ஓர் ஊர் விவசாயத்தைக் கைவிடுவது, நிலம் ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்கு நகர்வதில்தான் தெரியும். பல ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த நகர்வு கண்ணில் படும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் என்னும் நிலப் பயிர்ப் பதிவேட்டில் எழுதுவது பசலிக்குப் பசலி, அதாவது வருவாய்த் துறையின் ஆண்டுக்கு ஆண்டு, சேர்ந்துகொண்டே வரும் கணக்கு. நடுவில் நான்கு பசலியைப் பிய்த்துவிட்டால் கணக்கே அறுந்துபோகும்.

அச்சில் வந்த காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. 1954-ம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சென்னை கன்னிமாரா பொது நூலகத்துக்கும் போக வேண்டும். அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்று அச்சிட்டவை தவிர, அரசு வெளியீடுகளுக்கும் அது பொருந்தும். இணையத்தில் மட்டும் ஏற்றப்படும் பிடிஎஃப் கோப்பு அச்சு நூல் இல்லை என்பதால் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஆக, 60 வருடத்துக்கு முந்தைய அறிக்கையை எழும்பூரில் உள்ள அந்த நூலகத்தில் தூசி தட்டி எடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. 6 வருடத்துக்கு முந்தையதற்கு அந்த உத்தரவாதம் இல்லை.

2005-ம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரிவு 4, யாரும் கேட்காமலேயே துறைகள் தாமாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. அதை உள்ளூர் மொழியில், அந்தப் பகுதி மக்களை நன்றாகச் சென்றடையும் வழியில் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆண்டுவாரியாகக் கிடைக்கின்றன. அதை மனதாரப் பாராட்டுகிறேன். அதைச் செய்ய முடிகிறபோது மற்ற அறிக்கைகளுக்கும் செய்ய முடியும்.

தமிழில் வருகிற கோப்புகளிலும் ஒரு சிக்கல். சில, தாளை ஸ்கேன் செய்த வெறும் படங்கள். சில, பழைய எழுத்துரு முறையில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் ‘தாளடி’ என்று நெல் பருவத்தின் பெயரைத் தேடினால் ஒன்றும் வராது. நகல் எடுத்து ஒட்டினால் குறியீடுகளாக உதிரும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் மென்பொருளாலும் அதைப் படிக்க முடியாது. எல்லா அறிக்கைகளையும் யூனிகோடில் தருவதற்குத் துறைகளுக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

செய்திமடல்களைப் பற்றி ஒன்றே ஒன்று. விழாப் படங்களுக்குத் தரும் பக்கங்களில் ஒன்றை அந்த மாதத்து நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கொடுங்கள். கண்காணிப்புக் கிணறுகளை அளக்கும் ஊழியர்கள் அதை எடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

துறைச் செயலாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். இணையதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள், வெளியிட்ட ஓர் அறிக்கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றின் பிரதியும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்துக்குப் போகட்டும், ஓர் அச்சுப் பிரதி கன்னிமாராவுக்கும் போகட்டும். மாவட்ட ஆட்சியர்களிடம் இன்னொரு வேண்டுகோள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், வருவாய் கிராமம் வாரியாகக் கடந்த 7 ஆண்டு நெல் மகசூலை அச்சடித்துக் கொடுங்கள். அதே தாளைக் கிராம நிர்வாக அலுவலகச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த சம்பா அறுவடைக்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வட்டாரப் புள்ளியியல் ஆய்வாளர்