ஒரு மதிப்பெண்ணுக்குள் அடங்காத பெண்கள்

சமூக அறிவியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

'உலகின் முதல் பெண் பிரதமர் ________.' கோடிட்ட இடத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்க என்று எழுதினால் ஒரு மதிப்பெண். 1960 ஜூலையில் இலங்கையில் பதவியேற்றவர், கொலையுண்ட பிரதமரின் மனைவி என்ற செய்தியோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அவர் எப்படி ஆண்டார் என்பதையும் எழுதுங்கள்.

சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தை 1961 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது அவரது அரசு. யாழ்ப்பாணத்தில் அரசு அலுவலகமான கச்சேரியின் வாசலில் தமிழர்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது, அவசரநிலையை அறிவித்து ராணுவத்தை ஏவியதும் அதே அரசுதான். 1964இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் குடியுரிமை பற்றி ஓர் ஒப்பந்தம். தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் உனக்கு எந்த நாடு வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பெண் என்பதில் அவர்களுக்கு என்ன ஆறுதல்?

அதே அம்மையார்தான் 1972இல் இலங்கையைக் குடியரசாக்கினார். அணிசேரா நாடுகளின் மாநாட்டை 1976இல் கொழும்பில் கூட்டினார். 1980இல் அவரது குடிமை உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தார்கள். அதற்குப் பிறகும் ஓய்ந்து உட்காரவில்லை, 1994இல் மீண்டும் பிரதமரானார். இத்தனையையும் 'கணவருக்குப் பின் வந்தவர்' என்று மூடிவைத்தால், அவரைப் போற்றவும் முடியாது, ஒழுங்காகத் திட்டவும் முடியாது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

ராஜ்குமாரி அம்ரித் கௌரின் நிலையும் இதுதான். சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண் என்பதற்கு மேல் பேச்சில்லை. பத்தாண்டுகள் சுகாதாரத் துறையை நடத்தியவர், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கான மசோதாவை 1956இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் என்பதை அந்த மருத்துவமனைக்குப் போய்வருபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

அடுத்த பதிப்பில் அந்தக் கோடிட்ட இடத்தை எடுத்துவிடுங்கள். 'சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் யாரை, எவ்வாறு பாதித்தது?' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். விடை எழுத மாணவர்களுக்கு இரண்டு பக்கமாவது பாடம் வேண்டும். ஆண் பிரதமர்களின் வெளிநாட்டுப் பயணங்களைச் சற்றே சுருக்கினால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒரு வாசகர்