பாதியில் இறங்கியவர்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, வேலையை விட்டுவிட்டேன் என்று நீ போனில் சொன்னதும் நான் கேட்ட கேள்வி சரியில்லை. "பாதியில் இறங்கிப் போறதுக்கா இவ்வளவு படிச்சே?" என்றேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று ராத்திரி முழுக்க அந்த "சரிப்பா" காதிலேயே நின்றது.

மறுநாள் கராஜைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். உன் பழைய பெட்டி ஒன்றில் அந்தச் சின்னக் கார் கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா? சிவப்பு டாட்ஜ் சார்ஜர் டேட்டோனா. நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது இங்கே அலபாமாவில், ஹன்ட்ஸ்வில்லிலிருந்து டாலடேகா பந்தய மைதானத்தின் மியூசியத்துக்குப் போய்விட்டு வரும்போது வாங்கியது. வீடு வந்து சேர்வதற்குள் பின்னாலிருந்த றெக்கையை உடைத்துவிட்டாய். காரிலேயே அழுதாய். அதற்கு முன்னால் மியூசியத்தில் நிஜக் காரைப் பார்த்து, "ஏம்ப்பா இதுக்கு இவ்வளவு உயரத்துல றெக்கை?" என்று கேட்டாய். "சும்மா ஸ்டைலுக்குடா" என்று சொல்லிவிட்டேன். எஞ்சினியர் சொல்கிற பதிலா அது? பசி நேரம், உன் தங்கை வேறு தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

1968இல் வந்த சார்ஜர் பார்க்க ரொம்ப அழகு. இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் திரண்டு, மசில் கார், அதாவது பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்கக் கார், என்றால் பலர் மனதில் வரும் வடிவமே அதுதான். எஞ்சினுக்கும் குறையில்லை. 426 கன அங்குல ஹெமி, அதாவது 7 லிட்டர். எரியறையின் மேல்பக்கம் அரைக்கோளமாக இருப்பதால் அந்தப் பெயர். 1964இல் ஃபுளோரிடாவில் நடந்த டேட்டோனா 500 பந்தயத்தில் அந்த எஞ்சினோடு வந்த, டாட்ஜின் தாய்க் கம்பெனியான கிறைஸ்லரின் பிளிமத் கார்கள் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டு போயின. முதலாவது ரிச்சர்ட் பெட்டி.

ஆனால் சார்ஜரின் அழகே அதற்குப் பகையாகிவிட்டது. முன்பக்கக் கிரில் உள்ளே தள்ளி இருந்ததால் காற்றை வாய் திறந்து விழுங்கியது. பின்கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவே குழிக்குள் இருந்ததால் கூரையைத் தாண்டி வந்த காற்று அங்கே கலைந்து சுழன்றது. வேகம் ஏற ஏற முன்பக்கம் தரையை விட்டு எழப் பார்க்கும். எவ்வளவு குதிரைத்திறன் இருந்து என்ன? சக்கரம் சாலையை அழுத்திப் பிடித்தால்தானே ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும்! ஃபோர்டின் டொரினோவும் மெர்க்குரி சைக்ளோனும் வழுவழுவென்று சரிந்த கூரையோடு இதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

டாட்ஜ்காரர்கள் முதலில் கிரில்லை முன்னுக்கு இழுத்து, பின்கண்ணாடியைக் கூரையோடு சமமாக்கி "சார்ஜர் 500" என்று விட்டார்கள். ஃபோர்டு சும்மா இருக்குமா? மூக்கை நீட்டி "டொரினோ டாலடேகா" என்று இறக்கியது. 1969 டேட்டோனா 500இல் கடைசிச் சுற்று வரை சார்ஜரில் சார்லி குளோட்ஸ்பாக்தான் முன்னால். கடைசிச் சுற்றில் லீராய் யார்ப்ரோ ஃபோர்டில் வந்து முந்திவிட்டார்.

அதற்கப்புறம்தான் வடிவமைப்பு மேஜையிலிருந்து பேச்சு காற்றியல் ஆட்களிடம் போனது. கிறைஸ்லருக்கு அப்போது ஏவுகணை, ராக்கெட் வேலைகளும் இருந்தன. நம்ம ஹன்ட்ஸ்வில்லுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் சிலர் பந்தயக் கார்ப் பிரிவுக்கு வந்திருந்தார்கள். மாதிரி செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முன்னால் ஒன்றரை அடி நீளத்துக்குக் கூர்மூக்கு, பின்னால் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் றெக்கை என்று முடிவுக்கு வந்தார்கள். அதுதான் உன் டேட்டோனா. அந்த றெக்கை விமான இறக்கையேதான், தலைகீழாகக் கவிழ்த்தது. விமானத்தைத் தூக்குகிற அதே விசை இங்கே காரை அழுத்தும். எனக்கு அதைவிடப் பிடித்தது அதன் இரண்டு கால்கள். வெறும் முட்டுக் கொடுத்தவை அல்ல, அவையும் வேலை செய்கின்றன. வளைவில் கார் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தால் பக்கக் காற்று அந்தத் தகடுகளில் மோதி நேராக்கிவிடும். அம்பின் வாலில் இறகு கட்டுகிறோமே, அதே சங்கதி.

சரி, ஏன் அவ்வளவு உயரம்? கூரையால் கலையாத காற்று கிடைக்க வேண்டும் என்பது ஒரு காரணம். அதற்கு அவ்வளவு உயரம் தேவையே இல்லை என்பார்கள். இன்னும் தாழ்வாக வைத்தால் டிக்கியின் மூடி திறக்கும்போது றெக்கையில் இடிக்குமாம்! கடையில் விற்கும் கார்களின் மாதிரியில் செய்த 'ஸ்டாக் கார்'களுக்குப் பந்தயம் நடத்தும் அமைப்புதான் நாஸ்கார். அதன் அப்போதைய விதிப்படி 500 கார்களாவது கடையில் விற்றாக வேண்டும். வாங்குகிறவன் பெட்டி வைக்க வேண்டாமா? ஆக, உன் கேள்விக்கு நேர்மையான பதில்: பாதி காற்றுக்காக, பாதி பெட்டிக்காக. அமெரிக்காவில் 503 கார்கள் விற்பனைக்குச் செய்தார்கள். இன்று நல்ல ஹெமி டேட்டோனா ஒன்று ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது.

இதெல்லாம் முன்கதை. நான் சொல்ல வந்தது 1969 செப்டம்பர் 14.

டாலடேகா மைதானத்தின் முதல் பெரிய பந்தயம் அன்று. சுற்று 2.66 மைல், வளைவுகளில் 33 பாகை சாய்வு. நீ அந்தச் சாய்வில் ஏறிப் பார்க்கிறேன் என்று அடம் பிடித்தாய். புதுத் தளம், புது டேட்டோனா, யாரும் அதுவரை ஓட்டாத வேகம். குளோட்ஸ்பாக் தகுதிச் சுற்றில் மணிக்கு 199.466 மைல் தொட்டார். கார் தயார், தளம் தயார், டயர்தான் தயாரில்லை. சில சுற்றுகளிலேயே ரப்பர் கிழிந்து பாளம் பாளமாக வந்தது. அந்த வேகத்தில் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓட்டுநர்கள் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். தலைவர் ரிச்சர்ட் பெட்டி. பந்தயத்தைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டார்கள். மைதானத்தைக் கட்டியவர் பில் ஃபிரான்ஸ், நாஸ்காரும் அவருடையதுதான். தானே ஒரு காரை எடுத்து ஓட்டிக் காட்டி, ஒன்றும் ஆகாது என்றார். அவர் ஓட்டியது அவர்கள் ஓட்ட வேண்டிய வேகத்தில் இல்லை, அது வேறு விஷயம். சனிக்கிழமை பெட்டி தன் காரை வண்டியில் ஏற்றினார். அவருக்குப் பின்னால் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வாயிலைக் கடந்து போய்விட்டார்கள். அவ்வளவு சம்பாதிக்கக்கூடிய ஒரு நாளை விட்டுவிட்டு.

பில் ஃபிரான்ஸ் விடவில்லை. சின்னக் கார்களை வைத்து வரிசையை நிரப்பி, நடுநடுவே மஞ்சள் கொடி காட்டி டயர் பார்க்க விட்டுப் பந்தயத்தை நடத்தி முடித்தார். குளோட்ஸ்பாக் விட்டுப்போன ஊதா நிற 99ஆம் எண் டேட்டோனாவில் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் ஏறி ஜெயித்தார். டேட்டோனாவுக்கு அது முதல் வெற்றி. பிரிக்ஹவுஸுக்கு அந்த மட்டத்தில் அதுதான் ஒரே வெற்றி. பெரிய பெயர்களில் போகாமல் நின்று ஓட்டியவர் பாபி ஐசக் ஒருவர்தான்.

மியூசியத்தில் இதை உனக்குச் சொன்னபோது நான் எப்படிச் சொன்னேன் தெரியுமா? "எல்லாரும் பயந்து ஓடிட்டாங்க, ஐசக் மட்டும் நின்னாரு பாரு." அப்படித்தான் எனக்குள்ளும் வைத்திருந்தேன். அப்படி வைத்துக்கொள்ள எனக்கொரு காரணம் இருந்தது, வருகிறேன்.

அடுத்த வருஷம் டேட்டோனாவின் வருஷம். 1970 மார்ச் 24 அன்று அதே டாலடேகாவில் பட்டி பேக்கர் 200.447 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்தார். நம் கணக்கில் 322 கிலோமீட்டருக்கு மேல். சுற்றிச் சுற்றி வரும் பந்தயத் தளத்தில் ஸ்டாக் கார் 200 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. அது போட்டிக் கார்கூட இல்லை, கம்பெனி எஞ்சினியர்கள் சோதனைக்கு வைத்திருந்த 88ஆம் எண் கார். பிளிமத்தும் இதே மாதிரி றெக்கை வைத்து சூப்பர்பேர்ட் என்று ஒன்றைச் செய்து, ஃபோர்டுக்குப் போயிருந்த ரிச்சர்ட் பெட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டது. அவருடைய அணியின் இரண்டாவது காரில் பீட் ஹாமில்டன் டேட்டோனா 500ஐ வென்றார், டாலடேகாவின் இரண்டு பந்தயங்களையும் வென்றார். பெட்டி அந்த வருஷம் 18 பந்தயம் ஜெயித்தார், ஆனால் நடுவில் அடிபட்டுச் சில பந்தயங்களை விட்டதால் பட்டம் கை நழுவியது. 11 ஜெயித்த ஐசக் சாம்பியன். ஹாரி ஹைட் தயார் செய்த சிவப்பு 71. உன் பொம்மை அதுதான்.

அப்புறம் என்ன? நாஸ்கார் 1971இல் றெக்கைக் கார்களுக்கு 305 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்றது. 7 லிட்டரிலிருந்து 5 லிட்டர். தடை என்று சொல்லாத தடை. டிக் புரூக்ஸ் ஒருவர் மட்டும் சின்ன எஞ்சினோடு ஒரு டேட்டோனாவை டேட்டோனா 500க்குக் கொண்டுவந்து ஏழாவதாக முடித்தார். ஐசக்கும் ஹைட்டும் 71ஐ யூட்டா உப்பு வெளிக்குக் கொண்டுபோய் 28 சாதனைகளை எழுதிவிட்டு வந்தார்கள். எனக்கு அந்தப் பயணம் ரொம்பப் பிடிக்கும். போட்டியில் விடமாட்டாயா, சரி, யாரும் இல்லாத இடத்தில் ஓட்டுகிறேன் என்கிற மாதிரி.

மியூசியத்தில் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1973 ஆகஸ்ட், மறுபடியும் டாலடேகா. ஐசக் இப்போது ஒரு ஃபோர்டு ஓட்டுகிறார். பந்தயத்தின் தொடக்கத்தில் லாரி ஸ்மித் என்ற இளம் ஓட்டுநர் சுவரில் மோதி இறந்துவிட்டார். பாதிப் பந்தயம் ஆன நேரத்தில் ஐசக் ரேடியோவில், எனக்குப் பதில் ஆள் தேடுங்கள், நான் இறங்குகிறேன் என்றார். காரில் பழுதில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், இறங்கு என்று ஒரு குரல் சொன்னது என்றார். அவ்வளவுதான். 1969இல் எல்லாரும் போனபோது நின்ற அதே மனிதர், அதே இடத்தில், யாரும் இறங்காதபோது தனியாக இறங்கினார். அன்றைய பந்தயத்தை வென்றவர், வேடிக்கை பார், டிக் புரூக்ஸ்.

இந்தப் பகுதியைப் படித்தது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். படித்துவிட்டு மூடி வைத்தேன். மியூசியத்துக்கு உன்னைக் கூட்டிப்போனது அதற்கும் பிறகு. தெரிந்தேதான் பாதிக் கதை சொன்னேன்.

1984இல் கோயம்புத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். லாரிக்கான பிரேக் டிரம். மாதக் கடைசியில் ஒரு ஹீட் முழுக்க, அதாவது ஒரே உருக்கில் வார்த்த அத்தனையிலும், ப்ளோ ஹோல் என்கிற காற்றுக் குமிழிப் பொத்தல் வந்தது, போல்ட் துளை பக்கத்திலேயே. நான் ரிஜெக்ட் என்று சாக்பீஸால் போட்டேன். மேலே இருந்தவர் வந்து, "மெஷின் பண்ணினா போயிடும் தம்பி, போடு கையெழுத்தை" என்றார். போகாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். கூட இருந்த இன்னொரு பையன் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு அன்றைக்கே போய்விட்டான். நான் போட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து.

அந்த டிரம்கள் எங்கே போயின, என்ன ஆயின என்று எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போதெல்லாம் எதிரே லாரி இறங்கி வந்தால் பிரேக் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வருவேன். உன் அம்மா நான் இயற்கையை ரசிக்கிறேன் என்று நினைத்தாள். நாங்கள் தேனிலவுக்குப் போனதும் அதே ரோடுதான். அவளிடமும் இதுவரை சொன்னதில்லை. இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் தபாலில் போடப்போகிறேன்.

நீ அந்தச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் வந்ததைச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பையனின் முதுகு. அதனால்தான் உன் மேல் கோபம் வந்தது. அது உனக்கு வர வேண்டிய கோபம் இல்லை.

அம்மாவின் கோபம் வேறு. வேலையை விட்டதற்காக இல்லை, ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்ததற்காக. வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு நீயே போன் பண்ணு. வேலை கிடைக்கும் வரை வாடகைக்கு யோசிக்காதே, மாதாமாதம் நான் போடுகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. தீபாவளிக்குள் வர முடிந்தால் டாலடேகா வழியாக வா, மைதானத்துக்கு நானும் வருகிறேன்.

கார் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. றெக்கையை ஒட்டியிருக்கிறேன். பசை காய இரண்டு நாள் ஆயிற்று, இடது கால் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. டிக்கி திறக்கிறது, பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா