லேப்டாப்பை மாற்றாதே, செந்தில்

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மணி வாத்தியார் இன்னமும் உன்னைக் 'கடைசி பெஞ்சு' என்றுதான் விசாரிக்கிறார்.

உன் செய்தியைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கயலின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது என்பதற்காக மலரின் வளையலை அடகு வைத்துப் புது லேப்டாப்பா? பொறுடா மாப்ளே!

நீ அனுப்பிய போட்டோவில் லேப்டாப் பெட்டியின் ஓரத்தைப் பார். '802.11 பி/ஜி/என்' என்று போட்டிருக்கிறது. 802.11 என்பது வை-ஃபை தரத்தின் எண்; பின்னால் வரும் எழுத்துகள் அதன் வகைகள். 5 கிகாஹெர்ட்ஸில் பேசும் 'ஏ'யும் இல்லை, 'ஏசி'யும் இல்லை. அப்படியென்றால் அந்த லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் (பேண்ட்) மட்டும்தான் பேசும். உன் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. போனில் வேகம் வருவதும் லேப்டாப்பில் வராததும் இதனால்தான்.

'என்' 2009இல் முடிவான தரம். 2018இல் பெயரை எளிதாக்கி அதை வை-ஃபை 4 என்றார்கள். 'ஏசி' வை-ஃபை 5, அதற்கடுத்த 'ஏஎக்ஸ்' வை-ஃபை 6. ஒற்றை ஆன்டெனா உள்ள 'என்' கார்டு வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 72 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) வேகத்தைத் தாண்டாது. கைக்கு வருவது அதில் ஏறக்குறைய பாதி. நீயோ 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறாய்! அந்தப் பாதிக்கும் உங்கள் அடுக்குமாடியில் போட்டி. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லா ரூட்டரும் அதற்குள்தான் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பின் இரைச்சலும் அங்கேயே.

எனக்குக் கோபமே இங்கேதான் வருகிறது. பெட்டியில் ராம் என்கிற நினைவகமும் பிராசஸரும் கொட்டை எழுத்தில். வை-ஃபை எந்தத் தரம் என்பது மட்டும் பொடி எழுத்தில். படிக்கிற பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

இரண்டு பேண்டும் எடுக்கிற 'ஏசி' யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் செருகு. ஆயிரம் ரூபாய் சுமாரில் முடிந்துவிடும். பிறகு விண்டோஸில் வை-ஃபை செட்டிங்ஸில் பிராப்பர்ட்டீஸைத் திற. பேண்ட் 5 கிகாஹெர்ட்ஸ் என்று காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் சோர்ந்துவிடும். கயலின் மேசையை ரூட்டர் இருக்கிற கூடத்துக்கு மாற்று.

அதற்கும் சரிவரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். அதுவரை வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். மலரிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
குமார்