ஆள் வந்தால் நாய் மேலே தாவுகிறதா?

வணக்கம். வீட்டுக்கு யார் வந்தாலும் நாய் மேலே பாய்கிறது, என்ன செய்வது என்று குழுவில் பலரும் கேட்பதால் ஒரே பதிவாகப் போடுகிறேன்.

நாய் தாவுவது திமிரால் அல்ல. முகத்துக்குக் கிட்டே வந்து நலம் விசாரிக்கத்தான். கையால் தள்ளினாலும், 'ஏய், இறங்கு' என்று கத்தினாலும் அதற்கு அதுவும் கவனிப்புதான். முழங்காலால் நெஞ்சில் இடிக்கும் பழைய யோசனை வேண்டவே வேண்டாம். அடிபடும், ஆளைக் கண்டாலே பயமும் வந்துவிடும்.

தாவிய நொடியே பேச்சு, பார்வை, தொடுதல் மூன்றும் நிற்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும், ஓரிரு நொடிக்குள், தின்பண்டம். அதையும் உயரத்தில் நீட்டினால் மறுபடி எம்பும். அதன் வாய்க்குக் கீழே தாழ்த்திக் கொடுங்கள். 'உட்கார்' ஏற்கெனவே தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது. உட்கார்ந்துகொண்டே தாவ முடியாதே!

முதலில் வீட்டு ஆட்களையே வெளியே போய் மணி அடித்து வரச் சொல்லிப் பழக்குங்கள். நிஜ விருந்தாளி வரும்போது கயிறு மாட்டியிருக்கட்டும். ஆரம்பத்தில் தாவல் கொஞ்சம் கூடினாலும் கூடும், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், 'பரவாயில்லை, எனக்கு நாய் என்றால் உயிர்' என்று கொஞ்சும் விருந்தாளிதான் பெரிய தலைவலி. அவரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ வரும் நாளில் பயிற்சி வேண்டாம். நாயை வேறு அறையில் விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் நாய் தாவும் வீடியோவோடு இங்கேயே கேளுங்கள்.